வாயிற்காவலரை மீண்டும் நியமித்தல்

இலக்கியம் பேசும் இடத்தில் தரவுத்தளத்துக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ‘ரோல்’ என்பதைப் பாத்திரம் என்று தமிழாக்கிக்கொண்டால் சுளிப்பு சற்றுக் குறையலாம். நடிகர் மாறுவார், பாத்திரம் நிற்கும். போஸ்ட்கிரஸ் 2005இல் வந்த 8.1ஆம் பதிப்பில் பயனர், குழு என்ற இரண்டையும் ரோல் என்ற ஒன்றுக்குள் அடக்கியது.

ஒரு மருத்துவமனையின் தரவுத்தளத்தை வேறொரு சர்வருக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். பி.ஜி. டம்ப் என்ற கருவி நோயாளிகளின் அட்டவணைகளையும், எதை எந்த ரோல் தொடலாம் என்ற ஆணைகளையும் எழுதித் தருகிறது. ஆனால் ரோல்களை உருவாக்கும் ஆணை அதில் ஒன்றுகூட இராது. ரோல்கள் அந்த சர்வரிலுள்ள எல்லாத் தரவுத்தளங்களுக்கும் பொதுவானவை என்பதே காரணம். புதிய இடத்தில் ‘அப்படியொரு ரோல் இல்லை’ என்று பிழைச்செய்திகள் வரிவரியாக ஓடும். தரவு மட்டும் பழுதின்றி வந்து சேரும். ஆபத்து இங்கேதான். தரவு வந்துவிட்டதால் வேலை முடிந்ததென நிர்வாகம் எண்ணுகிறது. பயனர்களைக் கையால் சேர்த்த பின்னும் எவருக்கும் எதுவும் திறக்கவில்லை என்ற புகார் எழுந்ததும், அவசரத்தில் எல்லோருக்கும் எல்லாமே திறந்துவிடப்படுகிறது. மருத்துவரின் அந்தரங்கக் குறிப்பை அன்றுமுதல் வரவேற்பறையிலிருந்தும் படிக்கலாம்.

மருந்து இருக்கிறது. பி.ஜி. டம்ப் ஆல் கருவியை ‘ரோல்கள் மட்டும்’ என்று சொல்லி இயக்கினால், அவற்றை மீண்டும் உருவாக்கும் ஆணைகளைத் தானே எழுதித் தரும். அதை முதலில் இயக்கிவிட்டுப் பிறகு தரவை ஏற்ற வேண்டும். (கடவுச்சொற்களின் மறையுருவும் உடன் வருவதால் அக்கோப்பை மின்னஞ்சலில் சுற்றுக்கு விடுவது மடமை.)

அக்கோப்பை அப்படியே இயக்கிவிடுவதை ஒழுங்கு என்று பலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏடு பெயர்த்தெழுதுபவனின் கண்மூடித்தனம் அது. மூலத்தின் பிழையும் சேர்ந்தே பெயரும். பணியிலிருந்து விலகியவரும், என்றோ ஒரு வாரச் சோதனைக்காக வரம்பில்லா அதிகாரம் பெற்றவரும் புதிய சர்வரில் உயிர்த்தெழுவார்கள். இயக்குமுன் ஒருவர் உட்கார்ந்து வாசித்தே ஆக வேண்டும்.

வாசிப்பவருக்கு ஒரு சிக்கல் உண்டு. ஆணை யாருக்கு, என்ன என்று சொல்லும். ஏன் என்று சொல்லாது. அந்த ஏனை எழுதிவைக்கவும் போஸ்ட்கிரஸில் ஓரிடம் உண்டு: ‘கமென்ட் ஆன் ரோல்’. அங்கே எழுதும் வரி, பி.ஜி. டம்ப் ஆல் தரும் கோப்பிலும் கூடவே வந்துவிடும். நான் பார்த்த கோப்புகளில் அவ்விடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது.