ஸ்டார்ட் பண்ணலாமா, தொடங்கலாமா?

சென்ற மாதம் நமது சங்க விழாவில், குத்துவிளக்கு ஏற்ற வந்த அம்மையாரிடம் மேடையில் இருந்த இளைஞர், "ஸ்டார்ட் பண்ணலாம் மாமி" என்றார். வீட்டுக்கு வந்தால் என் பேத்தி, "தாத்தா, பாட்டி டின்னர் ஸ்டார்ட் பண்ணிட்டா" என்கிறாள். பாட்டி சமைக்கத் தொடங்கினாளா, சாப்பிடவே உட்கார்ந்து விட்டாளா? சமையலறையில் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்து கொண்டேன்.

ஆங்கிலத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ரயில்வேயில் அந்த மொழியில் எழுதித்தான் குடும்பம் நடத்தினேன். ஆனால் ஆங்கிலேயர்களே 'ஸ்டார்ட்'டை இப்படிக் கண்ட இடத்தில் எல்லாம் போடுவதில்லை.

பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் துள்ளுதல், திடுக்கென அசைதல் என்று பொருள். திடுக்கிட வைப்பதைச் சொல்லும் 'ஸ்டார்ட்டில்' அதன் உறவுதான். 'தொடங்கு' என்ற பொருள் பிற்பாடு வந்தது. நின்றிருப்பது அசைந்து கிளம்ப வேண்டும், அதுதான் ஸ்டார்ட். ஆகவே எஞ்சினை ஸ்டார்ட் செய்யலாம். 'பிகின்' செய்யவோ 'கமென்ஸ்' செய்யவோ முடியாது.

'கமென்ஸ்' பிரெஞ்சு வழியாக வந்த சொல். சட்டத்திற்கும் அலுவலகக் கடிதத்திற்கும் உரியது. ரயில்வே சட்டம் 1989-ல் நிறைவேறியது. ஆனால் அதன் 'கமென்ஸ்மெண்ட்', அதாவது நடைமுறைக்கு வந்த நாள், 1990 ஜூலை 1. அதுவரை 1890-ஆம் வருஷத்துப் பழைய சட்டமே செல்லுபடியானது. 'இனாகுரேட்' என்பதோ, ரோமாபுரியில் பறவைகளைப் பார்த்துச் சகுனம் சொன்ன 'ஆகர்' என்ற பூசாரிகளிடமிருந்து பிறந்தது. நல்ல சகுனம் பார்த்துத் தொடங்குவது என்ற கருத்து அதில் ஒளிந்திருக்கிறது. ஆக, ஆங்கிலத்திலேயே ஒவ்வொரு தொடக்கத்திற்கும் ஏற்ற சொல் உண்டு.

நிற்க. நம் தமிழைப் பாருங்கள். வண்டி கிளம்புகிறது, பயணி புறப்படுகிறார், மழை பிடித்துக் கொள்கிறது. அடுப்பைப் பற்ற வைக்கிறோம், விளக்கை ஏற்றுகிறோம், கடையைத் திறக்கிறோம். எழுதும் முன் பிள்ளையார் சுழி போடுகிறோம். கல்யாண வேலைக்குப் பந்தக்கால் நடுகிறோம். நாட்டியம் பயின்ற பெண்ணுக்கு அரங்கேற்றம். கிராமத்தில் சித்திரையில் முதல் உழவுக்குப் பொன்னேர் பூட்டுகிறார்கள். இத்தனையையும் அழித்துவிட்டு 'ஸ்டார்ட் பண்ணு' என்ற ஒன்றை வைத்தால், போவது சொற்கள் மட்டுமல்ல. பந்தக்கால் என்றால் என்ன என்று கேட்கும் வாய்ப்பே குழந்தைக்கு இல்லாமல் போகிறது.

"ரயில், டிக்கெட், ஸ்டேஷன் எல்லாம் ஆங்கிலம்தானே?" என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வி. பொருள் வரும்போது பெயரும் கூட வரும்; அதில் குற்றமில்லை. பெயர்ச்சொற்கள் ரயில் பெட்டிகள் மாதிரி. வெளியூர்ப் பெட்டி நாலைந்தை இணைத்தாலும் வண்டி நம்முடையதுதான். வினைச்சொல் எஞ்சின். அதையும் கழற்றி மாற்றினால் வண்டி யாருடையது?

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இதில் ஆபத்து அதிகம். என் பேத்தி பள்ளித் தோழியிடம் "ஸ்டார்ட் கரோ" என்கிறாள். பாட்டியிடம் "ஸ்டார்ட் பண்ணு" என்கிறாள். இரண்டுக்கும் வித்தியாசம் வால் மட்டும். அந்த வாலும் எதற்கு என்று ஒரு நாள் அவளுக்குத் தோன்றினால், பாட்டியிடம் பேச அவளுக்குத் தமிழே வேண்டியிராது. குறை குழந்தைகள் மேல் இல்லை. அவர்கள் காதில் விழுவதைத்தான் பேசுகிறார்கள். வீட்டில் பெரியவர்களாகிய நாமே அப்படித்தானே பேசுகிறோம்?

ஆகவே ஒரு யோசனை. ஸ்கூட்டருக்கும் எஞ்சினுக்கும் 'ஸ்டார்ட்' இருக்கட்டும். அது அதன் சொந்த இடம். மற்ற இடங்களில் ஒரு கணம் நின்று, உரிய தமிழ் வினையைச் சொல்லிப் பழகுவோம். குழந்தை ஸ்டார்ட் என்றால் கண்டிக்க வேண்டாம், "சமைக்கவா, சாப்பிடவா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் போதும், அவளே சரியான சொல்லைத் தேடுவாள்.

அடுத்த விழாவில் மேடையில் நிற்கும் தம்பிக்கும் ஒரு வேண்டுகோள். "விளக்கேற்றலாம் மாமி" என்று சொல்லுங்கள். அங்கிருந்தே தொடங்குவோம்.