மனையறம்: ஆழாக்கும் தராசும்



சென்ற தீபாவளிக்கு என் மகள் முதன்முறையாகத் தானே மைசூர்ப்பாகு கிளற முற்பட்டாள். கும்பகோணத்திலிருக்கும் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து அளவு கேட்டாள். "கடலை மாவு ஒன்று, சர்க்கரை இரண்டு, நெய் இரண்டு, அவ்வளவுதானம்மா" என்றார் பாட்டி. மகள் உடனே கடைக்குச் சென்று, மாவு கால் கிலோ, சர்க்கரை அரைக் கிலோ, நெய் அரைக் கிலோ என வாங்கி வந்தாள். மாவு முழுவதும் விழுந்ததும் பாகு போன இடம் தெரியவில்லை. தட்டில் கொட்டியது வில்லையாகாமல் உதிர்ந்துவிட்டது. பண்டிகை நாளில் அவள் கண் கலங்கிற்று. பாட்டிக்கு வயதாகிவிட்டது, எதையோ சொல்ல மறந்துவிட்டார் என்றே அவள் எண்ணினாள்.

பாட்டி எதையும் மறக்கவில்லை. அவர் சொன்னது ஆழாக்குக் கணக்கு. பேத்தி செய்தது தராசுக் கணக்கு. 200 மில்லி லிட்டர் கொள்ளும் டம்ளரில் கடலை மாவு 90 முதல் 100 கிராம் வரைதான் நிற்கும். சர்க்கரையோ 170 கிராம், நெய் 180 கிராம் நிற்கும். ஆதலின் கால் கிலோ மாவுக்குப் பாட்டியின் கணக்குப்படி வேண்டிய சர்க்கரை ஏறத்தாழ 900 கிராம். பாதியளவே இட்டால் பாகு எவ்வாறு போதும்?

நம் முன்னோர் இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என முகந்து அளந்தனர். படியின் அளவும் ஊருக்கு ஊர் மாறுபட்டது. 1956-ஆம் ஆண்டில் எடையளவைச் சட்டம் வந்தது. 1958 முதல் கிராமும் கிலோவும் கடைகளில் புகுந்தன. கடை மாறிற்று, கைப்பழக்கம் மாறவில்லை. பழைய குறிப்பேடுகளில் பலம், வீசை என்று கண்டால் அவை எடையே. ஒரு பலம் 35 கிராம். 40 பலம் ஒரு வீசை.

நிற்க. மாற்றும் வழி எளிது. கிராம் காட்டும் சிறு தராசின்மீது உங்கள் வீட்டு ஆழாக்கையோ டம்ளரையோ வைத்து, அதன் எடையைக் கழித்துக்கொண்டு, விளிம்புவரை நீர் நிரப்புங்கள். நீர் எத்தனை கிராமோ, அத்தனை மில்லி லிட்டர் அதன் கொள்ளளவு. பின்னர் ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொரு பொருளாக நிரப்பித் தலைதட்டி நிறுங்கள். 200 மில்லி லிட்டர் டம்ளருக்கு ஏறத்தாழ அரிசி 170 கிராம், துவரம்பருப்பு 165, ரவை 145, கோதுமை மாவு 110, எண்ணெய் 184 என வரும். மாவைச் சலித்து இட்டால் குறையும்; அழுத்தி இட்டால் கூடும். ஆகவே மாவை மட்டும் மும்முறை நிறுத்துச் சராசரி காண்பது நன்று. குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பதையும் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பொங்கலுக்குப் பாட்டி எங்கள் இல்லத்துக்கு வந்திருந்தார். "எலுமிச்சை அளவு புளி" என்று அவர் உருட்டியதை மகள் தராசில் வைத்தாள்: 30 கிராம். அவள் தானே உருட்டியது 50 கிராம்! தன் ரசம் ஏன் எப்போதும் புளித்தது என்பது அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. பாட்டியின் கைப்பிடி, சிட்டிகை, கரண்டி அனைத்தையும் நிறுத்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். பிறகு இருவருமாக மைசூர்ப்பாகு கிளறினர். வில்லைகள் ஒழுங்காக வந்தன.

ஊரிலிருக்கும் பித்தளை ஆழாக்கை என்றேனும் ஒருநாள் இங்கே கொண்டுவந்துவிடலாம். அதை எவ்வளவு குவிக்க வேண்டும் என்று அறிந்த கை என்றைக்கும் இராது. அடுத்த முறை அன்னையோ மாமியாரோ வரும்போது, அவர்கள் அருகில் தராசை வையுங்கள்.