வாத்தியார் பக்கம்: எத்தனை ஏ?

பெற்றோர்களே, "யூ.பி.எஸ்.ஆர். சோதனை போய்விட்டது, இனி வாத்தியார்களைக் கேட்பார் யார்?" என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பிள்ளையை எங்களிடம் ஒப்படைத்தவர்கள் நீங்கள். கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எதை வைத்துக் கணக்குப் பார்ப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

1988-இல் வந்த அந்தச் சோதனை கடைசியாக 2019-இல் நடந்தது, 2021-இல் ரத்தானது. அதுவரை முடிவு வெளியாகும் நாள்தான் எங்களுக்குத் தீர்ப்பு நாள். எல்லாப் பாடங்களிலும் 'ஏ' வாங்கிய பிள்ளைக்கு மாலை, பத்திரிகையில் படம், அரசியல்வாதியின் கைகுலுக்கல். தேர்ச்சி விழுக்காடு இறங்கினாலோ, தலைமையாசிரியர் இலாகாவுக்குப் போய் விளக்கம் சொல்ல வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டில் 10 பிள்ளைகள். ஒரு பிள்ளை தவறினால் 10 விழுக்காடு போச்சு! பட்டணத்தில் 200 பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளை தவறினால் அரை விழுக்காடு. அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலா, அப்பாவுக்கு வேலை மாறி ஆண்டு நடுவில் வந்து சேர்ந்ததா என்று பட்டியல் சொல்லாது. பால் வெட்டியவர்களுக்கு இது புரியும். கிழட்டு மரங்கள் நிறைந்த நிரையில் வெட்டியவரின் வாளியையும் நல்ல நிரையில் வெட்டியவரின் வாளியையும் பக்கத்தில் வைத்து, "நீ சோம்பேறி" என்று மண்டோர் சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா?

விழுக்காட்டுக்காக ஓடினால், கொஞ்சம் தள்ளினால் தேறிவிடும் பிள்ளைக்குத்தான் கூடுதல் வகுப்பு கிடைக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவன் பின்வரிசையிலேயே கிடப்பான். நட்டமோ அவனுக்குத்தான் அதிகம். அந்தச் சோதனை இருந்த காலத்தில், மலாய்த் தாள்களில் குறைந்தபட்சத் தேர்ச்சி இல்லாவிட்டால், இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் ஒரு வருஷம் போய்விடும்.

சோம்பேறி வாத்தியாரே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்கப் பிள்ளையின் நோட்டுப் புத்தகம் போதும். திருத்தியிருக்கிறதா, அதே பிழை பத்துப் பக்கம் தள்ளியும் வருகிறதா, பாருங்கள். சோதனை போன பிறகு, பாடத்துக்குப் பாடம் 1 முதல் 6 வரை அடைவுநிலை போட்டு அனுப்புகிறோம். 2 என்றிருந்தால், "என் பிள்ளைக்கு எது இன்னும் வரவில்லை?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத வாத்தியாரை விடாதீர்கள்.

அப்படியே, ஓட்டுக் கேட்டு வருகிறவரையும் விடாதீர்கள். நம் பள்ளியில் காலியாக இருக்கும் ஆசிரியர் இடம் எத்தனை மாதமாகக் காலி? இரண்டு ஆண்டுப் பிள்ளைகளை ஏன் ஒரே அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள்? வாய்ப்பேச்சாகக் கேட்காமல், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் கடிதமாகவே கொடுங்கள். நகல் ஒன்றைச் செயலாளர் கையில் வைத்திருக்கட்டும்.