தேகவன்மையை ஒப்பிடும் முறை

கல்லூரி மாணவருள் தேகவன்மையிற் சிறந்தோர் யாவர்? விடுதியில் வசிப்போரா, நாடோறும் இல்லத்தினின்று வந்து மீள்வோரா? கலைப் பகுதியினரா, விஞ்ஞானப் பகுதியினரா? ஆடவரா, மகளிரா? மாணவர் கூடுமிடமெல்லாம் எழும் வினாக்கள் இவை. ஒப்பிடுதல் தீதன்று, ஆயின் அளவுகோலின் இயல்பை அறியாது ஒப்பிடுதல் நியாயமாகாது.

இதற்கெனக் கையாளப்பெறும் முறைகளுள் ஒன்று ஹார்வர்டு படியேற்றச் சோதனை. 1943-ஆம் ஆண்டில் லூசியன் புரூஹா என்பார் இளம் ஆடவர் பொருட்டு இதனை வெளியிட்டார். 20 அங்குல உயரமுள்ள படியில் நிமிஷத்திற்கு 30 முறையாக 5 நிமிஷம் ஏறியிறங்கல் வேண்டும். பின்னர் இளைப்பாறுங்கால் நாடித்துடிப்பை எண்ணுவர். துடிப்பு விரைவில் தணியின் வன்மை மிகுதியென்பது கொள்கை. படியின் உயரமோ யாவர்க்கும் ஒன்று. காலின் நீளமோ ஆளுக்காள் வேறு. நெடியோர்க்கு எளிதாகும் ஏற்றம் குறியோர்க்கு அரிதாகின்றது. இதுபற்றியே மகளிர்க்குத் தாழ்ந்த படியை அமைப்பாரும் உளர்.

குருதியின் நிலையும் கருதற்பாலது. 2019–21-இல் நிகழ்ந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்திய மகளிருள் நூற்றுக்கு 57 பேரும், ஆடவருள் 25 பேரும் இரத்தசோகை உடையர். அந்நோயால் தசைகட்குப் பிராணவாயு போதியவளவு செல்லாது. சிறிது முயலினும் நாடி விரைந்தோடும். அத்தகைய மாணவியைச் சோம்பலுடையாள் என்று இகழ்தல் கொடுமையன்றோ? அங்ஙனமே, மாலை மணியடித்ததும் பேருந்தை நோக்கி ஓடும் மாணவனை, மைதானத்தின் அருகிலேயே வசிக்கும் விடுதி மாணவனோடு நிறுத்தி அளத்தலும் பொருந்தாது. இவ்விடங்களில் நாம் அளப்பது முயற்சியை அன்று, வாய்ப்பையே.

போட்டிகளில் வெல்வோரைப் பேணினன்றோ கல்லூரிக்குப் புகழுண்டாகும் எனச் சிலர் வினவலாம். கேடயம் கொணர்வோரைப் பேணுதல் தக்கதே. எனினும் அவர் சிலர்; மைதானமோ அனைவர்க்கும் உரியது. பந்தைத் தொடாமலே பட்டம் பெற்றுச் செல்வோர் பலராயின், அக்கேடயங்களால் அவர்க்கு என்ன பயன்?

ஆதலின் ஒப்பீட்டின் பயன் யாவர்க்கு எது குறைந்துள்ளது என்றறிந்து உதவுதலே. இரத்தசோகை உடையார்க்கு மருத்துவ உதவியும் தக்க உணவும் வேண்டும். இல்லத்தினின்று வருவோர்க்குத் தேகப்பயிற்சி வேளை கல்லூரி நேரத்துள்ளேயே அமைதல் வேண்டும். ஆண்டின் தொடக்கத்தும் முடிவிலும் ஒவ்வொருவரையும் சோதித்து, தம் முந்தைய அளவினும் உயர்ந்தோர்க்குப் பரிசளித்தல் நன்று. அப்போது மெலிந்தோரும் நாணாது மைதானத்திற்கு வருவர். அவர் வருகையே கல்லூரிக்கு மெய்யான வெற்றி.