வெளிக்கு ஏன் வேலி?



கோல்ப் என்றதும் உன் கண்முன் வந்து நிற்பது எது? உயர்ந்த மதில், வாயிலில் காவலாள், உறுப்பினர்க்கு மட்டும் என்னும் பலகை, மதிலுக்கு அப்பால், நாள்தோறும் நீர் குடித்துக் கொழிக்கும் பச்சைப் புல்தரை! சுந்தரபாண்டியத்துக் கண்மாய்க் கரையில் ஆட்டுக்கு மேய்ச்சல் தேடுபவனுக்கும் அந்த ஆட்டத்துக்கும் என்ன உறவு என்று கேட்பாய். உண்டு தோழா, உறவு உண்டு! அந்த ஆட்டத்தைப் பெற்று வளர்த்ததே ஊர்ப் பொதுநிலந்தான்!

ஸ்காட்லாந்தின் கரையோரம், கடலுக்கும் கழனிக்கும் நடுவே மணல்மேடுகள் கிடந்தன. ஏர் பூட்ட உதவாத நிலம். அதற்கு 'லிங்க்ஸ்' என்று பெயர். அங்கே மரமில்லை, நிழலில்லை. உப்புக் காற்றும் குட்டைப் புல்லுமே உண்டு. புல்லைக் கத்தரித்தவை ஆடுகளும் முயல்களும். காற்றுக்கு அஞ்சி ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களே மணற்குழிகளாயின என்பர். இறுகிய தரையில் விழுந்த பந்து நிற்காது, உருண்டோடும். வானளாவத் தூக்கி அடிப்பவனைக் காற்று திசை திருப்பிவிடும். மேடு பள்ளம் அறிந்து, தாழ அடித்து, தரையோடு உருட்டுபவனே வெல்வான். நிலத்தைத் தனக்கேற்ப வளைப்பது அன்று, நிலத்துக்கு வளைந்து கொடுப்பதே அவ்வாட்டத்தின் இலக்கணம்!

அந்நிலம் யாருடையது? செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரைப் பார்! அந்த வெளியில் ஊர்மக்களுக்குள்ள உரிமையை 1552-ஆம் ஆண்டுச் சாசனமே உறுதி செய்தது. 1797-இல் கடனில் மூழ்கிய நகராட்சி அதனை விற்றது. நிலம் முயல் வளர்ப்போர் கைக்குப் போயிற்று. பூசலும் வழக்கும் மூண்டன. விட்டதா ஊர்? 1894-இல் நகரமே அந்நிலத்தை மீண்டும் விலைக்கு வாங்கிற்று. 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இன்று ஓர் அறக்கட்டளை அதனைக் காக்கிறது. உலகப் புகழ்பெற்ற அந்தப் பழைய திடலின் குறுக்கே பொதுப்பாதை ஓடுகிறது. ஞாயிறுதோறும் ஆட்டம் ஓய, ஊரார் குழந்தை குட்டிகளோடு அங்கே உலவுகின்றனர்!

இங்கே நடந்ததென்ன? வெள்ளையர் ஆட்டத்தைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். ஊருரிமையை மட்டும் கரையிலேயே விட்டுவிட்டனர்! சென்னைக் கிண்டியில் 160 ஏக்கர் அரசு நிலம், 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் குதிரைப் பந்தயக் கிளப்புக்குத் தரப்பட்டது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். மாதத்துக்கு 52 ரூபாய்கூட ஆகவில்லை! அந்த ஓடுபாதையின் நடுவேதான் ஜிம்கானா கிளப்பின் கோல்ப் திடல் இருந்தது. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய் என்று கணக்கிட்ட அரசு, 2024 செப்டம்பரில் குத்தகையை முறித்து நிலத்தை மீட்டது. வெள்ளநீரைத் தேக்க அங்கே குளங்களும் வெட்டப்பட்டன.

உடனே எழுந்தது ஓலம்! பசுமை போயிற்றாம், விளையாட்டு வீழ்ந்ததாம்! யார் கண்ட பசுமை ஐயா அது? மதிலுக்கு வெளியே மழைவெள்ளத்தில் நின்ற வேளச்சேரி கண்டதா? மக்களுக்குத் திறந்தால் திடல் பாழாகும் என்போர்க்கு, ஞாயிறுதோறும் ஊரார் கால் பட்டும் பாழாகாத செயின்ட் ஆண்ட்ரூஸ் விடை சொல்லட்டும்!

விளையாட்டின் மீது நமக்குப் பகையில்லை தோழா. ஆடட்டும், ஏழை வீட்டுப் பிள்ளையும் மட்டை பிடிக்கட்டும். பொதுநிலத்தைச் சிலர் பூட்டி வைப்பதைத்தான் எதிர்க்கிறோம். ஆட்சியாளருக்கும் ஒன்று சொல்வோம்: கிளப்பின் வேலியை அகற்றிய கை, அங்கே வேறொரு வேலி நடக் கூடாது. மீட்ட நிலம் மக்கள் நடமாடும் நிலமாகவே இருக்க வேண்டும்!

இது சென்னையோடு முடியும் வழக்கன்று. உன் ஊர் மேய்ச்சல் புறம்போக்கையும் கண்மாய் உள்வாயையும் உதவாத நிலம் என்று ஏட்டில் எழுதி எவரேனும் வளைக்க வரலாம். அன்று கிராம சபையில் எழுந்து நில்! ஏர் ஏறாத மணலைக்கூட விட்டுக் கொடாமல் விலை கொடுத்து மீட்டது ஓர் ஊர். உழுது வாழும் நாம், நம் வெளியை ஒரு கையெழுத்துக்கு இழப்பதோ?