வரைந்த தாள்கள் யாரிடம் இருக்க வேண்டும்?

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அனிமேஷன் தொடர்பான இரண்டு நிகழ்வுகள் நம் நாட்டில் பரவலாகப் பேசப்பட்டன. ஜப்பானியரும் இந்தியரும் இணைந்து உருவாக்கிய ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ திரைப்படம் 4கே தரத்துக்குப் புதுப்பிக்கப்பட்டு, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஜனவரி 24 அன்று திரையரங்குகளுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் உருவான இந்தப் படத்துக்கு அன்று பரவலான வெளியீடு வாய்க்கவில்லை. தொலைக்காட்சி வழியாகவே அது குழந்தைகளைச் சென்றடைந்தது. அந்தக் குழந்தைகள் இப்போது தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரையரங்குக்குச் சென்றார்கள். இரண்டே மாதங்களில், மார்ச் இறுதியில், செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றிடம் தம் குடும்பப் படங்களைக் கொடுத்து ‘கிப்லி பாணி’ ஓவியங்களாக மாற்றிப் பகிரும் மோகம் உலகெங்கும் பரவியது. தமிழர்களும் அதற்கு விலக்கல்ல.

இரண்டிலும் மக்களை ஈர்த்தது கையால் வரைந்த ஓவியத்தின் மீதான ஏக்கம்தான். ஆனால், உண்மையிலேயே கையால் வரையப்பட்ட அந்தத் தாள்கள் இன்று எங்கே இருக்கின்றன என்ற கேள்வி இந்தக் கொண்டாட்டங்களுக்கு நடுவே எழவே இல்லை. உலகின் பெரிய ஏலக் கூடங்களுக்கோ இது பழகிய கேள்வி. சிறு வயதில் பார்த்து நெஞ்சில் பதிந்த ஒரு படத்தின் ஒரேயொரு தாளுக்காக ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கச் சேகரிப்பாளர்கள் காத்திருக்கிறார்கள்.

அவர்கள் வாங்குவது பெரும்பாலும் ‘செல்’ எனப்படும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள். ‘செல்லுலாய்டு’ என்பதன் சுருக்கம் அது. அனிமேஷன் ஓவியர் முதலில் காகிதத்தில் பென்சிலால் வரைவார். அந்தக் கோடுகளைச் செல்லின் முன்பக்கத்தில் மையால் படியெடுத்து, பின்பக்கத்தில் வண்ணம் தீட்டுவார்கள். தனியே வரையப்பட்ட பின்னணி ஓவியத்தின் மேல் அதை வைத்துப் படம்பிடிப்பார்கள். திரையில் ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால் உழைப்பின் அளவு புரியும். ஹயாவோ மியாசாகியின் ‘பிரின்சஸ் மோனோனோகே’ (1997) படத்துக்கு ஏறத்தாழ 1,44,000 செல்கள் தேவைப்பட்டன. ராமாயணப் படத்தில் சுமார் 450 கலைஞர்கள் பணியாற்றி, ஏறத்தாழ ஒரு லட்சம் செல்களைத் தீட்டியதாக அதன் தயாரிப்புத் தரப்பு சொல்கிறது.

இவ்வளவு உழைப்பில் உருவானவற்றைப் படநிறுவனங்கள் எப்படி நடத்தின என்பது வியப்புக்குரிய வரலாறு. படம்பிடித்து முடிந்ததும் செல்லின் பணி முடிந்துவிடுகிறது. தொடக்க காலத்தில் வண்ணத்தைக் கழுவிவிட்டு அதே தாளை அடுத்த படத்துக்குப் பயன்படுத்தினார்கள். டிஸ்னி நிறுவனமும் அதைத்தான் செய்தது. கொத்தனாரின் சாரத்துக்குக் கட்டடம் முடிந்தபின் என்ன மதிப்போ, அதுதான் செல்லுக்கும். 1937இல் வெளியான ‘ஸ்னோ வைட்’ படத்தின் பெரும் வெற்றிக்குப் பிறகு, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த கூர்வாசியே என்ற கலைக்கூடத்தார் அதன் செல்களை விற்கும் உரிமையை டிஸ்னியிடமிருந்து பெற்றார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் அந்தப் படத்தின் கழுகுகள் இடம்பெற்ற ஓவியத்தைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, கேலிச்சித்திரம் கலையாகுமா என்ற விவாதமே எழுந்தது. ஆயினும் பெரும்பான்மைச் செல்களின் நிலை மாறவில்லை. 1955இல் டிஸ்னிலேண்ட் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, அங்கிருந்த கடையில் அவை ஓரிரு டாலர்களுக்கு நினைவுப் பொருளாக விற்கப்பட்டன.

சேகரிப்பாளர்கள் மீது கோபப்படுவதற்கு முன்னால் இதை ஒப்புக்கொள்ள வேண்டும். உருவாக்கியவர்களே குப்பையாகக் கருதியதைப் பணம் கொடுத்து வாங்கி, அலமாரியில் வைத்துக் காப்பாற்றியவர்கள் சாதாரண ரசிகர்கள். டிஸ்னி நிறுவனம் பிற்காலத்தில் விழித்துக்கொண்டு அமைத்த அனிமேஷன் ஆய்வு நூலகத்தில் இன்று ஏறத்தாழ ஆறரைக் கோடி ஓவியங்களும் ஆவணங்களும் இருக்கின்றன. உலகின் எல்லா அனிமேஷன் நிறுவனங்களுக்கும் அந்த வசதியும் வாய்ப்பும் கிடைக்கவில்லை.

சந்தை சூடுபிடித்தது, செல்லின் காலம் முடிவுக்கு வந்தபோதுதான். 1989இல் வந்த ‘தி லிட்டில் மெர்மெய்ட்’ டிஸ்னி செல்களைக் கொண்டு உருவாக்கிய கடைசி முழுநீளப் படம். அடுத்த ஆண்டின் ‘தி ரெஸ்க்யூயர்ஸ் டவுன் அண்டர்’ முழுமையாகக் கணினியில் வண்ணம் தீட்டப்பட்டது. இனிப் புதிதாக உற்பத்தியாகாது என்று தெரிந்த பொருளுக்கு விலை ஏறுவது இயல்பு. வேடிக்கை என்னவென்றால், 1991இல் வெளியான ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’ கணினியில் உருவான படம்; அதற்குச் செல்களே கிடையாது. ஆனாலும் 1992இல் சோதபிஸ் நிறுவனம் அந்தப் படத்தின் செல்களை ஏலம் விட்டது. படம் வெளியான பிறகு, ஏலத்துக்கென்றே கையால் தீட்டப்பட்டவை அவை. அவற்றை வாங்குவதில் தவறில்லை. ஆனால், கேமராவின் முன் ஒருபோதும் வைக்கப்படாத தாளை ஒரு படத்தின் மூலம் என்று எப்படி அழைப்பது? அச்சில் வார்த்த ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’களும், ஒரு காட்சியின் செல்லை வேறொரு காட்சியின் பின்னணியோடு சேர்த்து உருவாக்கிய ஒட்டுகளும் இன்றும் சந்தையில் புழங்குகின்றன.

‘மூலம்’ என்ற சொல்லில் இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றும் உண்டு. ஏலப் பட்டியல்கள் செல்லைப் புகழ்பெற்ற இயக்குநரின் பெயரோடு சேர்த்தே விளம்பரப்படுத்துகின்றன. செல்லைத் தொட்ட கை பெரும்பாலும் அவருடையது அல்ல. டிஸ்னியில் மையிட்டு வண்ணம் தீட்டும் பிரிவு முழுக்க முழுக்கப் பெண்களுடையது எனலாம். மயிரிழை போன்ற கோட்டை நடுக்கமில்லாமல் இழுத்த அவர்களின் பெயர்கள் அன்றைய படங்களின் திரைப் பட்டியலில் இடம்பெறவில்லை. பென்சில் கோடுகளை நேரடியாகச் செல்லுக்கு நகலெடுக்கும் ஜெராக்ஸ் முறையை ‘101 டால்மேஷன்ஸ்’ (1961) படத்தில் முழுமையாகக் கையாண்டபோது, மையிடும் பெண்களில் பலருக்கு வேலையே இல்லாமற்போனது. இன்று ஒரு ‘ஸ்னோ வைட்’ செல்லுக்குக் கொடுக்கப்படும் பெருந்தொகையில், அந்தக் கோட்டை இழுத்தவருக்கோ அவருடைய வாரிசுக்கோ ஒரு காசும் சேர்வதில்லை. ஓவியர் தம் கையால் வரைந்த பென்சில் தாளோ பொதுவாக வண்ணச் செல்லைவிடக் குறைந்த விலைக்கே போகிறது. வண்ணம்தான் சுவரில் அழகாக இருக்கும். அசைவைக் கற்க விரும்பும் மாணவருக்கு, அடித்துத் திருத்திய அந்தப் பென்சில் தாளே பாடநூல்.

சேகரிப்பாளர்களின் உலகில் எனக்கு மிகவும் நெருடலாகத் தோன்றுவது, படம் சிதறிப்போகும் விதம்தான். ஒரு பாத்திரம் திரும்பிப் பார்க்கும் அசைவுக்குப் பத்துப் பன்னிரண்டு தாள்கள் இருக்கலாம். முகம் முழுதாகத் தெரியும் தாள்கள் நல்ல விலைக்குப் போகும். பாதி முகம், மூடிய கண், தோளின் விளிம்பு மட்டும் உள்ளவை ஓரிடத்தில் தேங்கும். எந்தத் தாளை எத்தனை சட்டகம் படம்பிடிக்க வேண்டும் என்று குறிக்கும் நேரக்கணக்குத் தாள்களை விரும்பி வாங்குவோர் அரிது. ஒரு நூலின் நல்ல பக்கங்களைக் கிழித்துக் கண்ணாடிச் சட்டமிட்டு விற்பதற்கு இது ஒப்பானது. ஒவ்வொரு பக்கமும் பத்திரமாக இருக்கும். ஆனால், நூல் இருக்காது.

பத்திரம் என்பதும் முழு உண்மையல்ல. பழைய செல்கள் நைட்ரேட் கலந்த பிளாஸ்டிக்கால் ஆனவை. மஞ்சளித்து, சுருங்கி, எளிதில் தீப்பிடிக்கக்கூடியவை. பின்னர் வந்த அசிடேட் தாள்கள் சிதையத் தொடங்கும்போது காடியின் புளித்த நெடி வீசும். தாள் அலையலையாக நெளியும். பின்பக்க வண்ணம் செதில் செதிலாக உரியும். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கெட்டி பாதுகாப்பு நிறுவனம் டிஸ்னியின் நூலகத்தோடு இணைந்து பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்துவருகிறது. ஈரப்பதத்தை நிதானமாகக் கூட்டி வண்ணத்தை நெகிழச்செய்து, உரிந்த இடத்தில் மீண்டும் ஒட்டவைக்கும் வழியை அதன் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இதெல்லாம் பெரிய நிறுவனங்களுக்குச் சாத்தியம். வரவேற்பறைச் சுவரில், வெயில் படும் இடத்தில் தொங்கும் தாளுக்கு யார் செய்வது? சென்னையின் வெக்கையும் மும்பையின் ஈரக்காற்றும் அந்தப் பிளாஸ்டிக்கின் ஆயுளை எப்படிக் குறைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஜப்பானின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. உலகின் மிகப் பெரிய அனிமேஷன் தொழில்களில் ஒன்று அங்கே இருந்தும், வேலை முடிந்த செல்கள் நெடுங்காலம் தொழிற்கழிவாகவே கருதப்பட்டன. கிடங்கில் இடமில்லாத நிறுவனங்கள் அவற்றை எறிந்தன. ரசிகர்களுக்கு இலவசமாகக் கொடுத்தன. 2009இல் அன்றைய பிரதமர் தாரோ அசோவின் அரசு 1,170 கோடி யென் செலவில் ஊடகக் கலைகளுக்கான தேசிய மையம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டது. எதிர்க்கட்சிகள் அதை ‘அரசு நடத்தும் மாங்கா கஃபே’ என்று எள்ளி நகையாடின. அதே ஆண்டு ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. அரசு விட்ட இடத்தைக் கலைஞர்கள் நிரப்ப வேண்டியிருந்தது. 2017இல் இயக்குநர் ஹிதேகி அன்னோவின் முன்முயற்சியில், அனிமேஷன், சிறப்புக் காட்சிப் படங்களின் மூல ஆவணங்களைப் பாதுகாக்கும் லாபநோக்கற்ற அமைப்பு ஒன்று உருவானது. இதற்கிடையில் கடல் கடந்து போன தாள்கள் எத்தனையோ.

இந்தியாவில் நாம் தொடக்கப் புள்ளியைக்கூட எட்டவில்லை. இங்கே இந்தக் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. டிஸ்னியின் ‘பாம்பி’ படத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் 1956இல் மும்பைக்கு வந்து, மத்திய அரசின் திரைப்படப் பிரிவு ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அந்தப் பட்டறையில் உருவானவர்தான் ராம் மோகன். பின்னாளில் யூகோ சாகோவுடன் இணைந்து ராமாயணப் படத்தை வடித்தவர். சாகோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் மறைந்துவிட்டார்கள். திரைப்படப் பிரிவு 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. அதே ஆண்டு, தேசியத் திரைப்பட மரபுத் திட்டத்தின்கீழ் சுமார் 2,200 படங்களைப் புதுப்பிக்க மத்திய அரசு ரூ.363 கோடி அறிவித்தது. வரவேற்க வேண்டிய முயற்சி. ஆனால், அதன் கவனம் படச்சுருளின் மீது. அனிமேஷனைப் பொறுத்தவரை படச்சுருள் என்பது நகல். வரைந்த தாளே மூலம். புணேவில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பழைய படங்களின் சுவரொட்டிகளையும் பாட்டுப் புத்தகங்களையும் சேகரித்து வைத்திருக்கிறது. அந்த வரிசையில் அனிமேஷன் தாள்களையும் வெளிப்படையாகச் சேர்த்து, நன்கொடையாகப் பெறவும் தேவைப்பட்டால் விலைகொடுத்து வாங்கவும் நிதி ஒதுக்க வேண்டும்.

சட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு, ஓர் ஓவியத்தின் மூலப்படி ரூ.10,000க்கு மேல் மறுவிற்பனையாகும்போது, அதை வரைந்தவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ விலையில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10%, கிடைக்க வழிசெய்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால், வரைந்தவர் அந்த ஓவியத்தின் முதல் உரிமையாளராக இருந்திருக்க வேண்டும். ஊழியராக இருந்து வரைந்ததற்கு, மாற்று ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிதான் முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. எனவே, மாதச் சம்பளத்துக்கு வரைந்த அனிமேஷன் கலைஞருக்கு இந்தப் பங்கு எட்டாக்கனி. தொல்பொருள் சட்டமும் உதவாது; 100 ஆண்டு ஆகாத ஓவியம் அதன் வரையறைக்குள் பொதுவாக வருவதில்லை. ஓவியம் வரைந்தவரின் உரிமையை ஏற்கும் 53ஏ பிரிவை ஊழியர்களாகப் பணியாற்றிய அனிமேஷன் கலைஞர்களுக்கும் நீட்டிப்பது பெரிய சட்டப் புரட்சி ஒன்றுமல்ல. ஒரு திருத்தம் போதும்.

சேகரிப்பாளர்களை எதிரிகளாக்கத் தேவையில்லை. தாங்கள் வைத்திருக்கும் தாள்களை நல்ல தெளிவில் ஸ்கேன் செய்து, காட்சி எண்ணோடு பொதுக் காப்பகத்துக்குத் தர அவர்களில் பலர் முன்வரக்கூடும். உடைமை அவர்களிடமே இருக்கட்டும். சிதறிய ஒரு காட்சியை மீண்டும் வரிசைப்படுத்திப் பார்க்க அதுவே போதும். அதைவிட அவசரமானது மற்றொன்று. 1990களின் தொடக்கத்தில் செல்களுக்கு வண்ணம் தீட்டிய இளைஞர்கள் இன்று ஓய்வு பெறும் வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். எந்தக் காட்சியை யார் தீட்டியது, எந்த வண்ணம் எப்படிக் கலக்கப்பட்டது என்பதைப் பெரும்பாலும் அவர்களின் நினைவிலிருந்துதான் பெற முடியும். அவர்களைத் தேடிச் சென்று பேச்சைப் பதிவுசெய்ய ஒரு கேமராவும் இரண்டு ஆய்வு மாணவர்களும் போதும். அந்தப் பணியை இந்த நிதியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.