பைக்கின் கம்ப்யூட்டர் ஏன் பேசுவதில்லை?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்கள், அதுதான் வீட்டின் முதல் கம்ப்யூட்டர் என்று நினைப்பார்கள். வாசலில் நிற்கும் பைக்கிற்குள்ளும் ஒன்று இருக்கலாம்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம், காவலூர் வழியாக ஜவ்வாது மலையில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறையும். 2003-ல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மாவில் (223 சிசி) இருந்தது கார்புரேட்டர். காற்று மாறியது அதற்குத் தெரியாது. பெட்ரோல் சற்று அதிகமாகவே போகும். 2009-ல் வந்த கரிஸ்மா இசட்எம்ஆரில் பியூயல் இன்ஜெக்ஷன் வந்தது. சென்சார்கள் கீ-போர்டு, மவுஸ் போல இன்புட் தருகின்றன. இசியு என்னும் குட்டிக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, எத்தனை மில்லி செகண்ட் பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று முடிவு செய்கிறது.

அடுத்து நம் ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310. 2017 டிசம்பரில் வந்தது. இதன் இன்ஜின் தலைப்பகுதி திருப்பி வைக்கப்பட்டுள்ளது. காற்று முன்னால் நுழைய, புகை பின்னால் வெளியேறும். 2020 மாடலில் ஐந்து அங்குலத் திரையும் அர்பன், ரெயின், ஸ்போர்ட், டிராக் என நான்கு மோடுகளும் சேர்ந்தன. ஸ்போர்ட்டில் 34 பிஎஸ் திறன், ரெயினில் 25.8 தான். இன்ஜின் அதேதான், மாறுவது சாப்ட்வேர்! நீங்கள் ஆக்ஸிலேட்டரைத் திருகுவது ஒரு விண்ணப்பம் மட்டுமே. எவ்வளவு திறப்பது என்பதை இசியு தீர்மானிக்கிறது. மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் இது உண்மையிலேயே நல்ல விஷயம்.

என் குறை வேறு. ஜமுனாமரத்தூர் தாண்டிய காட்டுச் சாலையில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிந்தால் என்ன செய்வீர்கள்? கார்புரேட்டர் என்றால் ஊர் மெக்கானிக் ஸ்க்ரூடிரைவருடன் வந்துவிடுவார். இசியுவோ பிழையை ஒரு கோடாகப் பதிந்து வைத்திருக்கும். பல வண்டிகளில் அதைப் படிக்கும் கருவி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கும். கடைகளில் கிடைக்கும் ஓபிடி அடாப்டர் வாங்கினாலும், பைக்கின் இணைப்பு முனை பல சமயம் வேறு வடிவம்.

விண்டோஸ் கூட ஏதோ ஒரு எர்ரர் மெசேஜ் காட்டுகிறது. போனில் வரும் அழைப்பைக் காட்டும் பைக் திரையில் "ஆக்சிஜன் சென்சார் பழுது, மெதுவாக ஓட்டலாம்" என்று ஒரு வரி, அதுவும் தமிழில், காட்ட முடியாதா? அதற்குப் புதிய ஹார்ட்வேர் எதுவும் வேண்டாம்.

அடுத்த முறை ஷோரூமில் மைலேஜ் கேட்கும்போது, மஞ்சள் விளக்கு எரிந்தால் காரணத்தை நாமே எங்கே பார்ப்பது என்றும் கேளுங்கள்.